ஸ்கேன் முடிவு தெளிவாக இல்லை: முற்றிய புற்றுநோயுள்ள அம்மா, அப்பாவுடன் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நான்காம் நிலைப் புற்றுநோய். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை சி.டி. அல்லது பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள். குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்ற எண்ணத்தில் போகிறோம். பல சமயம் இரண்டும் இல்லாத ஒரு பதில் வருகிறது. "ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்போம்" என்கிறார் மருத்துவர். அந்த ஆறு வாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் இந்தப் பக்கம்.

என் அம்மாவுக்குப் பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. சில ஆண்டுகள் அவருடன் ஸ்கேன் மையங்களின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. சிகிச்சை முடிவுகள் உங்கள் மருத்துவருடையவை. அவரிடம் என்ன கேட்பது, வீட்டில் என்ன பேசுவது என்பதில் மட்டும் எனக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது.

ரிப்போர்ட்டில் 'ஸ்டேபிள்' என்று போட்டிருக்கிறது. கீமோ வேலை செய்யவில்லையா?

நோய் பெரிதாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அப்படியே நிற்கிறது என்று அர்த்தம். முற்றிய நிலையில் அது நல்ல செய்திகளில் ஒன்று. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் பெரிய இடைவெளி இருக்கிறது. அது எவ்வளவு பெரியது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மருந்து ஆய்வுகளில் ரெசிஸ்ட் என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். இப்போது வழக்கில் உள்ள 1.1 பதிப்பு 2009-இல் வந்தது. உடலில் உள்ள கட்டிகளில் அதிகபட்சம் ஐந்தை, ஓர் உறுப்பில் இரண்டுக்கு மேல் போகாமல், தேர்ந்தெடுத்து அவற்றின் விட்டங்களைக் கூட்டுவார்கள். சிகிச்சை தொடங்கியபோது இருந்த கூட்டுத்தொகையைவிட 30 சதவீதமாவது குறைந்திருந்தால் மருந்துக்குப் பலன் கிடைத்திருக்கிறது. இதுவரை எட்டிய மிகக் குறைந்த அளவிலிருந்து 20 சதவீதமாவது, கூடவே 5 மில்லிமீட்டராவது ஏறியிருந்தால் நோய் மீறிவிட்டது. ஐயத்துக்கு இடமில்லாத புதிய கட்டி தோன்றினாலும் அப்படித்தான். நடுவில் உள்ள அத்தனையும் 'ஸ்டேபிள்'.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்பாவின் கல்லீரலில் இரண்டு கட்டிகள், கூட்டுத்தொகை 60 மி.மீ. மருந்தில் அது 40 ஆகிறது. அடுத்த ஸ்கேனில் 46. வீட்டில் எல்லோர் முகமும் வாடிவிடும். ஆனால் 40-இலிருந்து 46 என்பது 15 சதவீதம்தான். அளவுகோலின்படி மருந்து இன்னும் தோற்கவில்லை. 48-ஐத் தொட்டால்தான் 20 சதவீதம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பொருட்படுத்தாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரே ரவிக்கைக்கு இரண்டு தையற்காரர்கள் அளவெடுத்தால் சற்று முன்பின் இருப்பதைப் போல, ஒரே கட்டியை இரண்டு ரேடியாலஜிஸ்ட்டுகள் (ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவர்கள்) அளந்தாலும் எண்கள் மாறும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "முப்பது சதவீதம்தான் குறைந்ததா?" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. உருண்டையான ஒரு கட்டியின் விட்டம் 30 சதவீதம் சுருங்கினால், கன அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று பொருள்.

அன்றாட ஓ.பி.யில் எல்லா மருத்துவர்களும் இந்தக் கணக்கை எழுத்துப் பிசகாமல் போடுவதில்லை. ஸ்கேனோடு நோயாளியின் எடை, பசி, வலி, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

நுரையீரலில் 'இன்டிடர்மினேட்' முடிச்சு என்று எழுதியிருக்கிறார்கள். பரவிவிட்டதா?

இந்தப் படத்தை வைத்து அதைச் சொல்ல முடியவில்லை என்று ரேடியாலஜிஸ்ட் நேர்மையாக எழுதியிருக்கிறார். நான்கைந்து மில்லிமீட்டர் முடிச்சு என்பது பழைய காசநோயின் தழும்பாக இருக்கலாம், ஆறிய நிமோனியாவின் மிச்சமாக இருக்கலாம், பரவலின் தொடக்கமாகவும் இருக்கலாம். நம் ஊரில் காசநோய் வந்து போனது தெரியாமலே வாழ்பவர்கள் ஏராளம். 8 மி.மீ.க்குக் கீழே இருந்தால் பெட் ஸ்கேனும் உறுதியாகச் சொல்லாது. ஊசி போட்டுத் திசு எடுப்பதும் கடினம். அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள். நான்கு மில்லிமீட்டரின் அடையாளம் இரண்டு மாதம் கழித்து அது என்ன ஆகியிருக்கிறது என்பதில்தான் தெரியும்.

இங்கே பலர் கோட்டைவிடும் ஒரு விஷயம் உண்டு. முந்தைய ஸ்கேனின் படங்கள் உள்ள குறுந்தகட்டை ஸ்கேன் மையத்தில் கொடுத்தீர்களா? பழைய ரிப்போர்ட் தாள் போதாது, படங்களே வேண்டும். ஒப்பிட எதுவும் இல்லாவிட்டால் ரேடியாலஜிஸ்ட்டால் 'இன்டிடர்மினேட்' என்றுதான் எழுத முடியும். இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த படத்தில் அதே முடிச்சு அதே அளவில் இருந்தால், பெரும்பாலும் அதைப் பற்றிய கவலையே முடிந்துவிடும். ரிப்போர்ட் வந்த பிறகும் பழைய தகட்டைக் கொண்டுபோய், ஒப்பிட்டுக் கூடுதல் குறிப்பு எழுதித் தரும்படி கேட்கலாம். முடிந்தவரை ஒரே மையத்தில், ஒரே வகை ஸ்கேனாக எடுங்கள். ஐந்நூறு ரூபாய் குறைவு என்று ஊர் மாறிப் போவதில் லாபம் இல்லை.

பெட் ஸ்கேனில் ஓர் இடம் ஒளிர்கிறது. அது புற்றுநோய்தானே?

பெட் ஸ்கேனுக்குப் போடும் ஊசியில் இருப்பது கதிரியக்கம் சேர்த்த ஒரு வகைச் சர்க்கரை. சர்க்கரையை அதிகமாக இழுக்கும் இடமெல்லாம் ஒளிரும். புற்றுநோய் இழுக்கும், கிருமித் தொற்று, காசநோய்க் கட்டி, ஆறிக்கொண்டிருக்கும் அறுவைப் புண், கதிர்வீச்சு பட்ட திசு ஆகியவையும் இழுக்கும். கோவிட் தடுப்பூசி போட்ட கையின் அக்குளில் நெறி ஒளிர்ந்து பல வீடுகளைக் கலங்கடித்தது. வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசி போட்டிருந்தால் எலும்பு மஜ்ஜை முழுவதும் பிரகாசிக்கும். ஆகவே கடைசிக் கீமோ, ஊசிகள், காய்ச்சல், தடுப்பூசி ஆகியவற்றின் தேதிகளை ஒரு தாளில் எழுதி ஸ்கேன் மையத்தில் கொடுங்கள். கேட்காவிட்டாலும் நீங்களாகவே கொடுங்கள்.

எஸ்.யு.வி. என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு: ஓர் இடம் அந்தச் சர்க்கரையை எவ்வளவு இழுத்தது என்பதன் அளவு அது. அன்றைய ரத்தச் சர்க்கரை, ஊசிக்கும் படத்துக்கும் இடையிலான நேரம், இயந்திரம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். 4.2 போய் 4.8 ஆனதை வைத்துத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

ஒரு கட்டி சுருங்கியிருக்கிறது, இன்னொன்று வளர்ந்திருக்கிறது. எதை நம்புவது?

இரண்டையும். ஒரே புற்றுநோய் என்றாலும் பரவிய இடங்களில் உள்ள செல்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு மருந்துக்கு ஓரிடம் பணியும், இன்னோரிடம் பணியாது. மற்ற எல்லாம் அடங்கியிருந்து ஒன்று மட்டும் மீறியிருந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்துவிட்டு அதே மருந்தைத் தொடர முடியுமா என்று கேளுங்கள். எல்லாருக்கும் பொருந்தாது, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி.

அப்பா முன்பைவிட நன்றாகச் சாப்பிடுகிறார், நடக்கிறார். ஸ்கேனில் மட்டும் கூடியிருப்பதாக வருகிறது. இது எப்படி?

இரண்டு சூழல்களில் இப்படி நடப்பது மருத்துவர்களுக்குத் தெரிந்ததே. முதலாவது, நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற, உடலின் நோயெதிர்ப்பைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்துகள். நோயெதிர்ப்புச் செல்கள் கட்டிக்குள் படையெடுத்துப் புகும்போது கட்டி வீங்கித் தெரியலாம். இதற்காகவே 2017-இல் ஐ-ரெசிஸ்ட் என்ற தனி வழிமுறை வெளியானது. முதல் முறை கூடியதாகத் தெரிந்தால் நோயாளி நல்ல நிலையில் இருக்கும் பட்சத்தில் 4 முதல் 8 வாரங்களில் மறுபடி எடுத்து உறுதி செய்யச் சொல்கிறது. இரண்டாவது, எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுநோயும் புரோஸ்டேட் புற்றுநோயும். ஹார்மோன் சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில், ஆறிவரும் எலும்பு புதிதாகக் கட்டிக்கொள்வதால் எலும்பு ஸ்கேனில் முன்பைவிட அதிகப் புள்ளிகள் தெரியலாம்.

கசப்பான பகுதியையும் சொல்ல வேண்டும். இம்யூனோதெரபியில் இந்தப் பொய் வளர்ச்சி, பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நடக்கிறது. கூடியிருப்பதாகத் தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையிலேயே கூடியிருக்கிறது. இணையத்தில் இதைப் படித்துவிட்டு "நமக்கும் அப்படித்தான்" என்று வீட்டில் அறிவிக்க வேண்டாம். அப்பாவுக்கு இது பொருந்துமா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

ட்யூமர் மார்க்கர் ஏறியிருக்கிறது, ஸ்கேன் பரவாயில்லை. எது சரி?

மார்க்கர் என்பது சில புற்றுநோய்களில் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு பொருளின் அளவு. அதை மட்டும் வைத்து மருந்தை மாற்றுவது அரிது. புகைப்பவர்களுக்கு சி.இ.ஏ. என்ற மார்க்கர் கூடுதலாக இருக்கலாம், பித்தநாளம் அடைத்து மஞ்சள் காமாலை வந்தால் சி.ஏ. 19-9 என்ற இன்னொரு மார்க்கர் எகிறும், கீமோ தொடங்கிய முதல் சில வாரங்களில் செல்கள் சிதைவதாலேயே எண் தற்காலிகமாக ஏறுவதும் உண்டு. ஒரு முறை ஏறியதைவிட, தொடர்ந்து மூன்று முறை எந்தப் பக்கம் போகிறது என்பதற்குத்தான் மதிப்பு.

ரிப்போர்ட் கவர் கையில் வந்துவிட்டது. மருத்துவரைப் பார்க்க மூன்று நாள் இருக்கிறது. பிரித்துப் படிக்கலாமா?

நம் ஊரில் பெரிய கவரை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் பெற்றோருக்கு 2021 ஏப்ரல் முதல், மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே முடிவு கைபேசிக்கு வந்துவிடலாம். ஆக, கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்வது நல்லது: பிரிப்பதா, யார் பிரிப்பது, அம்மா பார்க்க விரும்புகிறாரா? அது அவருடைய உடம்பின் ரிப்போர்ட் என்பதை மறந்துவிடக் கூடாது.

பிரித்தால், கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்ற தலைப்பின் கீழ் உள்ள நான்கைந்து வரிகளை முதலில் படியுங்கள். மேலே உள்ள நீண்ட பகுதியில் சிறுநீரக நீர்க்கட்டி, கழுத்தெலும்புத் தேய்மானம், பித்தப்பைக் கல் என்று அறுபது வயதுக்கு மேல் யாருக்கும் இருக்கக்கூடிய எல்லாம் இருக்கும். 'கிளினிக்கல் கோரிலேஷன்' என்று முடிந்திருந்தால், உங்கள் மருத்துவர் நோயாளியை நேரில் பார்த்துப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று ரேடியாலஜிஸ்ட் எழுதியிருக்கிறார். அது அபாய அறிவிப்பு அன்று.

ராத்திரி பதினொரு மணிக்கு ஒவ்வொரு சொல்லாகக் கூகுளில் தேடுவதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு: வேண்டாம். காலையிலும் அதே சொல் அங்கேயே இருக்கும்.

மருத்துவர் ஐந்து நிமிடம்தான் தருகிறார். என்ன கேட்பது?

எல்லோரும் "கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?" என்று கேட்கிறோம். தெளிவில்லாத ஸ்கேனுக்கு அந்தக் கேள்வியில் பதில் கிடைக்காது. "இதனால் இப்போது ஏதாவது மாறுகிறதா, டாக்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு எப்போதும் பதில் உண்டு. அதே மருந்து தொடரும் என்கிறாரா, அளவைக் குறைக்கிறாரா, இரண்டு வாரம் நிறுத்துகிறாரா? ஸ்கேன் குழப்பமாக இருந்தாலும் அடுத்த திங்கட்கிழமை என்ன செய்யப்போகிறோம் என்பது தெளிவாகிவிடும். வீட்டுக்கு எடுத்துப் போக அது போதும்.

அடுத்தது, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது. எத்தனை வாரம், எந்த ஸ்கேன், அதில் என்ன தெரிந்தால் என்ன செய்வார்? "அடுத்த முறை கூடியிருந்தால் என்ன வழி இருக்கிறது?" என்று இப்போதே கேட்டுவைத்தால், காத்திருக்கும் வாரங்களில் மனம் தானாகக் கட்டும் கதைகள் குறையும். காத்திருப்பதால் இழப்பு உண்டா என்றும் கேளுங்கள். பல சமயம், இப்போது அவசரப்பட்டு மருந்தை மாற்றினால் இன்னும் வேலை செய்யக்கூடிய ஒரு மருந்தை வீணாக்கியவர்கள் ஆவோம். முற்றிய நிலையில் கையில் உள்ள மருந்துகள் எண்ணிக்கைக்குட்பட்டவை. இதை எந்த மருத்துவரும் ஓ.பி.யில் தானாக விளக்குவதில்லை, நேரமில்லை.

பயாப்ஸி (கட்டியிலிருந்து திசு எடுத்துச் சோதிப்பது) எடுத்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பதும் தவறில்லை. கட்டி எட்டும் இடத்தில் இருந்து, முடிவால் மருந்து மாறும் என்றால் எடுப்பார்கள். ரத்தப் போக்கு, நுரையீரல் சுருங்குதல் போன்ற ஆபத்துகளை ஏற்று, வந்த முடிவால் ஒன்றும் மாறாது என்றால் எடுப்பதில் பயன் இல்லை.

கேள்விகளைத் தமிழிலேயே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அனுமதி கேட்டுவிட்டு, பதிலைக் கைபேசியில் பதிவு செய்யலாம். வெளியே வந்தவுடன் அண்ணன் ஒன்று கேட்டதாகவும் தங்கை வேறொன்று கேட்டதாகவும் சொல்லும் சண்டை மிச்சமாகும்.

"அப்பாவிடம் சொல்ல வேண்டாம்" என்று அண்ணன் சொல்கிறார். மறைப்பது சரியா?

நம் குடும்பங்களில் இதுதான் வழக்கம். நோயாளி சக்கர நாற்காலியில் வெளியே இருப்பார்; பிள்ளைகள் உள்ளே போய் மருத்துவரிடம் பேசிவிட்டு, சிரித்த முகத்தை மாட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். நோயாளி உள்ளே இருந்தாலோ, அவர் தலைக்குப் பின்னால் நின்று மருத்துவரிடம் கையாட்டுவார்கள். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் அப்பா நாற்பது வருடம் இந்தப் பிள்ளைகளின் முகத்தைப் படித்தவர். எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டு ஆறு வாரத்தில் இன்னொரு ஸ்கேனுக்குக் கூட்டிப்போனால், அதற்கு ஒரு பொய், மருந்து மாறினால் அதற்கு ஒரு பொய். கடைசியில் வலியைக்கூட அவர் நம்மிடம் மறைக்கத் தொடங்குகிறார். பிள்ளைகள் பாவம், பயப்படுவார்கள் என்று.

தெளிவில்லாத ஸ்கேன் இந்த விஷயத்தில் ஒரு வாய்ப்பும்கூட. மறைக்க வேண்டிய கெட்ட செய்தி அதில் இல்லை. முழு உண்மையே இவ்வளவுதான்: "படத்தில் ஓர் இடம் சரியாகத் தெரியவில்லையாம். மருந்து அப்படியே தொடரட்டும் என்கிறார். ஆறு வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள்." இதைச் சொல்லிப் பழகிய வீட்டில், பின்னால் கடினமான செய்தி வரும்போது பேச ஒரு வழி திறந்திருக்கும்.

எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அப்பாவிடமே கேட்கலாம், அதுவும் ஸ்கேனுக்கு முன்பே. "ரிப்போர்ட் வந்ததும் எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லட்டுமா அப்பா, இல்லை முக்கியமானது மட்டும் போதுமா?" சிலர் ஒவ்வோர் எண்ணையும் கேட்பார்கள். சிலர் "நீயே பார்த்துக்கொள்" என்பார்கள். அதுவும் ஒரு பதில்தான். அதை மதிக்க வேண்டும். ஆனால் ஒரு முறை அப்படிச் சொன்னார் என்பதற்காக எப்போதைக்கும் கதவைச் சாத்திவிடக் கூடாது. அடுத்த ஸ்கேனுக்கு முன் மறுபடி கேளுங்கள்.

அண்ணனோடு சண்டை போட்டு இதைச் சாதிக்க முடியாது. சொன்னால் அப்பா உடைந்துபோவார் என்று அவர் உண்மையிலேயே பயப்படுகிறார். "அப்பா கேட்டால் பொய் சொல்ல மாட்டோம், கேட்காததைத் திணிக்கவும் மாட்டோம்" என்ற அளவுக்கு இருவரும் ஒத்துப்போனால் போதும். அதற்கும் அவர் இணங்காவிட்டால், மருத்துவரோ வலி நிவாரணச் செவிலியரோ அப்பாவிடம் "உங்களுக்கு என்ன தெரியும், இன்னும் என்ன தெரிய வேண்டும்?" என்று கேட்கும்போது அண்ணனும் உடன் இருக்கட்டும். அப்பா எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறார் என்பது அங்கே பல பிள்ளைகளுக்கு முதல் முறையாகப் புரிகிறது.

அம்மா திடீரென்று "நான் பிழைப்பேனா?" என்று கேட்டால்?

"ஏன் இப்படியெல்லாம் பேசுகிறீர்கள்" என்று வாயை அடைக்கத்தான் நாக்கு துடிக்கும். சற்றுப் பொறுத்து, "எதை நினைத்துக் கேட்கிறீர்கள் அம்மா?" என்று திருப்பிக் கேளுங்கள். என் அம்மா அப்படிக் கேட்டபோது அவர் மனத்தில் இருந்தது சாவு அன்று, பேத்தியின் காதுகுத்து. பயணம் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. அதை மருத்துவரிடம் கேட்டுத் தேதியை முன்னே இழுத்தோம். உண்மையிலேயே ஆயுளைப் பற்றித்தான் கேட்கிறார் என்றால், "எனக்குத் தெரியாது அம்மா. டாக்டரிடம் சேர்ந்தே கேட்போமா?" என்று சொல்லலாம். கையைப் பிடித்துக்கொண்டு "எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது" என்று சொன்னால் அம்மாக்கள் உடைவதில்லை. பெரும்பாலும் அவர்கள் நமக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

ஸ்கேனுக்கு முந்தைய நாள்களில் அப்பா சிடுசிடுவென்று இருக்கிறார். என்ன செய்யலாம்?

ஸ்கேன் பயம் கோபமாகவும் மலச்சிக்கலாகவும் தூக்கமின்மையாகவும் வரும். சமாதானம் சொல்வதைவிட வேலைகளைச் சுலபமாக்குவது பலன் தரும். பெட் ஸ்கேனுக்கு ஐந்தாறு மணி நேரம் வெறும் வயிறு. சர்க்கரை பொதுவாக 200-க்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். ஆகவே நீரிழிவு உள்ளவருக்கு அதிகாலை நேரம் கேட்டு வாங்குங்கள். இன்சுலினையும் மெட்ஃபார்மினையும் என்ன செய்வது என்று மையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். முந்தின நாள் வேக நடை, தோட்ட வேலை வேண்டாம், தசை ஒளிரும்.

ஊசி போட்ட பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல், தனி அறையில் உட்கார வைப்பார்கள். பேசினால் தொண்டைத் தசைகூடப் படத்தில் ஒளிரும். அங்கே நீங்கள் கூட இருக்க முடியாது. இதை முன்பே சொல்லிவைக்காவிட்டால், தன்னை ஏதோ ஒதுக்கிவைத்துவிட்டதாக வயதானவர்கள் கலங்கிவிடுகிறார்கள். குளிருக்குப் போர்வை கேட்டால் தருவார்கள், கேட்கச் சொல்லுங்கள். ஊசியின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகிறது. நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். அன்றைக்கு மட்டும் பேரக்குழந்தையை மடியில் வைக்க வேண்டாம், கருவுற்ற மருமகள் சற்றுத் தள்ளி இருக்கட்டும்.

கீமோவால் நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்துவது பலருக்கு ஸ்கேனைவிடப் பெரிய பயம். போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பொருத்தும் சிறு கருவி) இருந்தால் அதைப் பயன்படுத்துவார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கையை வெந்நீர்ப் பையால் சூடாக்கிக்கொண்டு போவது உதவும்.

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து "ரிசல்ட் என்ன?" என்கிறார்கள்.

ஒருவரை நியமியுங்கள். சித்தப்பாவோ மூத்த அத்தையோ, பேச்சில் நிதானம் உள்ள ஒருவர். அவருக்கு மட்டும் நீங்கள் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு அவர் சொல்லட்டும். "மருந்து தொடர்கிறது, அடுத்த மாதம் மறுபடி பார்ப்பார்கள்" என்ற ஒரே வாக்கியம் எல்லோருக்கும். தெளிவில்லை என்று விளக்கப்போனால் கஷாயம், கோமியம், பக்கத்து ஊர் வைத்தியர் என்று யோசனைகள் கிளம்பும். கூடக் கொடுக்க நினைக்கும் எந்த மூலிகையையும் மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம். சில மூலிகைகள் கல்லீரலைப் பாதிக்கும். அடுத்த ரத்தப் பரிசோதனையில் எண்கள் மாறினால் அது நோயாலா கஷாயத்தாலா என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். இப்போது கிளம்பி வர வேண்டுமா?

"வரவேண்டிய நேரமா?" என்று வீட்டில் இருப்பவரைக் கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது, அந்தச் சுமையை அவர் மேல் ஏற்றாதீர்கள். மருத்துவரிடம் காணொளியில் கேளுங்கள். ஒரு குழப்பமான ஸ்கேனுக்காக ஓடிவந்து விடுப்பைத் தீர்த்துவிட்டுப் பின்னால் தவிப்பவர்கள் உண்டு. ஆனால் சாப்பாடு குறைந்து, எடை இறங்கி, பகலில் பாதி நேரம் படுக்கையில் இருக்கிறார் என்றால், ஸ்கேன் என்ன சொன்னாலும் டிக்கெட் போடுங்கள். படத்தைவிட அது நம்பத்தகுந்த அடையாளம். தூரத்தில் இருந்தபடியே செய்யக்கூடிய உருப்படியான வேலை: எல்லா ரிப்போர்ட்டுகளையும் தேதிவாரியாகக் கோப்பாக்கி வைப்பது. கூட இருக்கும் அக்காவுக்கு அதற்கெல்லாம் நேரமே இருக்காது.

இரண்டாவது கருத்து கேட்டால் எங்கள் மருத்துவர் கோபித்துக்கொள்வாரா?

நல்ல மருத்துவர் கோபிக்கமாட்டார். பெரிய புற்றுநோய் மையங்களில் ட்யூமர் போர்டு என்ற கூட்டத்தில் மருந்து, அறுவை, கதிர்வீச்சு, ரேடியாலஜி மருத்துவர்கள் சேர்ந்து உட்கார்ந்து படத்தைப் பார்ப்பார்கள். அம்மாவின் ஸ்கேனை அங்கே வைக்க முடியுமா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒருங்கிணைக்கும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, நவ்யா என்ற இணையச் சேவை மூலம் ஆவணங்களை அனுப்பிக் கருத்துப் பெறும் வசதியை வைத்திருக்கிறது. நோயாளியை ரயிலேற்ற வேண்டியதில்லை.

பாலியேட்டிவ் கேர் பிரிவுக்குப் போகச் சொன்னார். கைவிட்டுவிட்டாரா?

இல்லை. வலியையும் மற்றத் தொந்தரவுகளையும் குறைக்கும் கவனிப்பு அது. கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போதே அங்கே போகலாம், போக வேண்டும். 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோயுள்ள 151 பேரில் ஒரு பாதிப் பேருக்குத் தொடக்கத்திலிருந்தே இந்தக் கவனிப்பைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. இடைநிலை ஆயுளும் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது. ஸ்கேன் தெளிவில்லாத வாரங்களிலும் வலி, வாந்தி, மலச்சிக்கல், தூக்கம் ஆகியவை தெளிவாகவே இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்ய எந்த ரிப்போர்ட்டுக்காகவும் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் வலி நிவாரணச் சேவையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து கேட்கலாம்.

காத்திருக்கும் வாரங்களில் எதற்கெல்லாம் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

கீமோ நடக்கும்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் நடு இரவானாலும் போக வேண்டும். புதிய முதுகுவலியோடு கால்கள் பலமிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ அடைபட்டாலோ, தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் நடக்கும் திறனே போய்விடலாம். திடீர் மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், முகமும் கழுத்தும் வீங்குவது, வலிப்பு, திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் குழம்புவது, கண்ணில் மஞ்சள் ஆகியவற்றுக்கும் அடுத்த ஸ்கேன் தேதியைக் காரணம் காட்டிக் காத்திருக்கக் கூடாது.

அடுத்த ஸ்கேனும் இதே போல் தெளிவில்லாமல் வந்தால்?

வரும், வரக்கூடும். அதே அளவில் அப்படியே நிற்கிறது என்றால் அதுவே ஒரு தகவல். மருத்துவர் இடைவெளியை நீட்டலாம். கல்லீரலில் சந்தேகம் என்றால் எம்.ஆர்.ஐ. கூடுதலாகக் காட்டும். இப்போது ஊசி எட்டும் அளவுக்கு வளர்ந்திருந்தால் பயாப்ஸி.

அதோடு இன்னொரு வழியும் இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழி. மருந்துகளெல்லாம் தீர்ந்து, முடிவு என்னவாக இருந்தாலும் சிகிச்சை மாறாது என்ற நிலை வந்தால், ஸ்கேனே எடுக்காமல் இருக்கலாம். சென்னைக்கோ வேலூருக்கோ பஸ் பயணம், பட்டினி, ஊசிக்குத்து, பிறகு ஒரு வாரப் பதற்றம் எல்லாம் மிச்சம். அதை முடிவு செய்ய வேண்டியவர் அம்மாதான். "வேண்டாம்" என்று அவர் சொன்னால், பின்னால் மனம் மாறினால் எடுத்துக்கொள்ளலாமா என்பதையும் அப்போதே மருத்துவரிடம் கேட்டு அவருக்குச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.